நடுச்சீட்டை நீ கவிழ்க்காத நாள்

ஒரே அடுப்படியில் என்னோடு புகை தின்ற என் மூத்த அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று ஆடி ஆகிவிட்டது. நம் வீட்டு மருமகள்கள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு பஸ்ஸில் போகிறார்கள். அம்புட்டுப் பேருக்கும் இடம் இருக்கிறது. நம் காலத்தில் வில்வண்டியில் மாமியார் ஏறியது போக மருமகள்களுக்கு இரண்டே இடம். நாமோ மூன்று பேர்.

சீட்டாடித்தானே தீர்த்தோம்? ஆளுக்கு மூன்று சீட்டு. ஆகப் பெரியதுக்கு ஒரு இடம், ஆகச் சிறியதுக்கு ஒரு இடம். வேண்டாமென்றால் கவிழ்த்துவிட்டு வீட்டோடு இருக்கலாம். கவிழ்க்காமல் கடைசிவரை நின்று தோற்றவளுக்கு ஒரு மாதம் மாட்டுக்கொட்டில் வேலை முழுக்க.

சொல்லிக் கொடுத்தவளே நீதான். "ஒசத்தியுமில்லாம தாழ்வுமில்லாம நடுவுல கெடந்தா கவுத்திரு ஏட்டி. பாதி கெடைக்கும்னு நின்னா சாணிதான் கெடைக்கும்."

அந்த வருஷம் என் கையில் இரண்டு, மூன்று, ஐந்து. ஜோடியும் வரிசையும் பெரிய பக்கம் சேர்ந்துவிடுவதால் அதற்குக் கீழே கிடையாது. நடு மருமகளுக்கு முகமெல்லாம் பல். பெரிய சீட்டு என்று குருடிக்கும் தெரியும். அப்படியும் நீ கவிழ்க்கவில்லை.

"இந்தத் தடவ எனக்கு விடு ஏட்டி. நீ கவுத்திரு."

"சீட்டு இருந்தா நில்லுக்கா. இல்லேன்னா நீ கவுத்து. நீ சொன்ன பாடந்தான?"

விட்டிருக்கலாம். ஆனால் நான் வாக்கப்பட்டு வந்த முதல் நாள் பானையில் அடிப்பிடித்த சோற்றை எனக்கு வைத்தாயே, அது நெஞ்சில் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது, போ.

விரித்தோம். உன்னுடையது ஒன்பது, ஏழு, நான்கு. பாடம் சொன்னவளே இதை வைத்துக்கொண்டா நின்றாள் என்று சிரித்தேன். ஏன் நின்றாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

உன் அம்மா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்று மாமியார் தடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். இடம் கிடைத்த வருஷமெல்லாம், தேர்க் கூட்டத்தில் மாமியார் கண்ணுக்குத் தப்பி நீ உன் அம்மாவைப் பார்த்துவந்தது அப்போது தெரியாது.

தேரடியில் ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். "ராசபாளையத்து வண்டியா தாயி? எம் மக, மூத்தவ, வரலியா?"

வரவில்லை என்றேன். மடியிலிருந்து கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன்னு சொல்லு."

திரும்பி வந்தபோது நீ கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாய். எனக்கு முகம் கொடுக்கவில்லை. சரிதான் போ என்று, கிழவி சொன்னதைச் சொல்லாமல், மிட்டாயை நானே தின்றேன்.

அடுத்த தேருக்குக் கிழவி உயிரோடு இல்லை. அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எத்தனை வருஷம் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்? உனக்குச் சந்தேகமே வரவில்லையா, அக்கா?

இந்த ஆடிக்கு உன் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் ஆச்சி நின்ற இடத்தைக் காட்டுவேன். ஒரு பொட்டலம் வாங்கி அவள் கையில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நின்று வாங்கிக்கொள்கிறேன். இந்தத் தடவை கவிழ்க்க மாட்டேன்.

அந்த அடிப்பிடித்த சோற்றுக்கு மட்டும் மேலே வந்து உன்னிடம் நியாயம் கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு அடுத்தடுத்து வந்த மருமகள்களில் கடைசி,
உன் சின்ன ஓரகத்தி