பத்துக் கிழமை வரவேற்புரை

1995, தை 8, ஞாயிறு
காலை முழுதும் பனி. பனிக்கட்டி உருக வாசற்படிக்கு உப்பு. மாலை நான்கு மணிக்குக் கனடாத் தொலைக்காட்சியில் எங்கள் தமிழ் நகைச்சுவை நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு. ஆட்டம், பாட்டு, குறுநாடகம், யாவும் அரைமணிக்குள். கிழமைக்கு ஒன்றாக, ஞாயிறுதோறும், பத்து. தயாரிப்பாளர் குகன் என்னை அழைத்தது வரவேற்புரைக்கு. “மூண்டு நிமிசம் அண்ணை. உங்கட வழமையான பேச்சுத்தான். செந்தமிழிலயே விளாசுங்கோ.”

நேற்றைய ஒளிப்பதிவில் தாய்மொழியின் தொன்மை பற்றிப் பேசினேன். அவையில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ஏதோ குழப்பம் என எண்ணிக் குரலை உயர்த்தினேன். சிரிப்பும் உயர்ந்தது.

இன்று பெட்டியில் கண்டேன். என் முதுகுக்குப் பின்னால் செல்லத்துரை என்னும் நடிகர், சேலை கட்டி, முக்காடிட்டு, விளக்குமாற்றோடு. என் கை உயரும்போதெல்லாம் அவர் கையும் உயர்கிறது. “குருதி” என்று நான் முழங்கிய இடத்தில் அவர் தன் கன்னத்தில் கடிக்கும் நுளம்பை அடிக்கிறார்.

மனைவி உலையைப் பார்ப்பதாக எழுந்து போனாள். அடுப்பில் உலை இல்லை.

முப்பது ஆண்டு மேடை. கல் விழுந்திருக்கிறது. கூச்சலிட்டிருக்கிறார்கள். விளக்கை அணைத்திருக்கிறார்கள். சிரித்தது இதுவே முதல்.

தை 9, திங்கள்
குகனுக்குத் தொலைபேசி. எழுதிவைத்தே படித்தேன். ஒன்று, இது வஞ்சகம். இரண்டு, மொழிக்கு இழுக்கு. மூன்று, இனி வரமாட்டேன்.

அவர் சற்றும் பதறவில்லை. அமெரிக்கரின் பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவை நிகழ்ச்சிகளை நூலகத்தில் நாடா நாடாவாக எடுத்துப் பார்த்தவராம். “எல்லாத்திலயும் ஒருத்தர் சீரியசா நிப்பார் அண்ணை, மற்றவர் கூத்தடிப்பார். சீரியசா நிக்கிற ஆள் இல்லாட்டிப் பகிடியே இல்லை. முதலே சொல்லியிருந்தா நீங்கள் நடிச்சிருப்பியள். அது சரிவராது.”

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

தை 10, செவ்வாய்
காலைமுறை வேலை, கடித உறைத் தொழிற்சாலை. மாலை மருத்துவமனை. இராசரத்தினத்துக்கு ஈரலில் நோய். தேறுவான் என்று மருத்துவர் எவரும் கூறவில்லை. நான் பேசிய கூட்டங்களுக்கெல்லாம் சுவரொட்டி ஒட்டியவன். ஒலிபெருக்கி கட்டியவன்.

என்னைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கினான். இருமல் வந்து நிறுத்தும்வரை.

“மச்சான், நுளம்படிச்சானே உவன்… கட்டிலே ஆடிப்போச்சு.”

மூன்று நாள் ஒன்றும் இறங்காதிருந்தவன், ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் அரைக் கோப்பை கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான் என்றார் தவமணி. அவன் மனைவி.

“வாற கிழமையும் வருவாய்தானே?”

போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு அவனே, வேறு குரலில்: “நான் போனா செத்தவீட்டில நீதான் கதைக்கவேணும். வேறை ஒருத்தரையும் விடாதே. தவத்துக்கும் சொல்லிப்போட்டன்.”

கையைப் பிடித்து உறுதி கொடுத்தேன். எலும்பு மட்டும்.

மருத்துவமனை வாயிலில் இருந்த தொலைபேசியிலேயே குகனை அழைத்தேன். வருகிறேன் என்றேன்.

தை 21, சனி
மூன்றாம் ஒளிப்பதிவு. உடைமாற்றும் அறையில் செல்லத்துரை என்னைக் கண்டு எழுந்து நின்றார். உணவகச் சமையலாளர். சேலையிலும் வெங்காய மணம்.

“அண்ணை, நான் உங்களை நக்கலடிக்கேல்லை. நீங்கள் கதைக்கிறது அரைவாசி எனக்கு விளங்கிறேல்லை. ஆனா கேக்க நல்லாயிருக்கு. ஒண்டு, திரும்பிப் பாக்காதேங்கோ. பாத்தியளெண்டா எனக்குச் சிரிப்பு வந்திடும்.”

திரும்பவில்லை. பேசுபொருள்: ஈகம். பதினோர் இடத்தில் சிரிப்பு. நான் மூச்செடுக்க நிறுத்துமிடங்கள் அவை.

மாசி 5, ஞாயிறு
கொடுங்குளிர். மூக்குமயிர் உறைகிறது. கையுறை ஒன்று பேருந்தில் தொலைந்தது.

மருத்துவமனையில் இராசரத்தினத்தின் அறையில் ஒன்றாகப் பார்த்தோம். பக்கத்துக் கட்டிலில் போர்த்துக்கேய முதியவர். ஒரு சொல்லும் விளங்காமல் அவரும் சிரித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. இரா.வின் முகத்தைப் பார்த்தேன். அந்த மூன்று நிமிடம் நோய் அதில் இல்லை.

கஞ்சி முக்கால் கோப்பை.

மாசி 19, ஞாயிறு
முன்னாள் மாணவர் சங்க ஆண்டுவிழா. தலைமையுரை எனக்கு. “அவையோரே” என்றேன். முன்வரிசைப் பெண்மணி ஒருவர் வாயைப் பொத்தினார். அடுத்தவர் தோள் குலுங்கியது. பிறகு வரிசை வரிசையாக. ஒருவர் கழுத்தை நீட்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

ஊரில் எங்கள் நூலகம் எரிந்ததைச் சொன்னேன். அதற்கும்.

கெட்டவர்கள் அல்லர். அடக்கப் பார்த்தார்கள், அடங்கவில்லை. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர்: “அண்ணை, வயிறு நோகுது. அடுத்த மாசம் பிறம்ரனில எங்கட மகளின்ர பேர்த்டே, ஒரு பத்து நிமிசம் வந்து கதைப்பியளோ?”

குரல் அதே. சொல் அதே. கை அதே. எதை மாற்றுவது?

வீட்டில் கண்ணாடிமுன் தணிந்த குரலில் பேசிப் பார்த்தேன். தணிந்த குரல் எனக்கு வராது. பிறர் குரல்போல் இருந்தது.

விலகிவிடலாம். இன்னும் மூன்று ஒளிப்பதிவுதான். ஆனால் இன்று இரா. நிகழ்ச்சி தொடங்கக் கால்மணி முன்பே தலையணையை நிமிர்த்தச் சொன்னானாம்.

மாசி 28, செவ்வாய்
இரா. கண் திறப்பதில்லை. கொடுத்த உறுதி உண்டு. அவனுக்கான இரங்கலுரையைத் தொடங்கினேன். சேர்க்கவேண்டியவை: பசைவாளி. துவிச்சக்கரவண்டி. நான் கைதான அன்று அவன் என் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. மழைக் கூட்டம்.

என் வாழ்நாளில் எழுதியவற்றுள் இதுவே நன்று.

பங்குனி 6, திங்கள்
இரா. போய்விட்டான். காலை எட்டேகால்.

வேலைக்கு விடுப்புச் சொன்னேன். உரை மூன்று பக்கம். மனனம் ஆயிற்று.

பங்குனி 7, செவ்வாய்
தவமணி வந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை. தேநீரைத் தொடவில்லை.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. அவர் ஆசைப்பட்டவர்தான், எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் எழும்பினா சனம் சிரிச்சுப்போடும். பெட்டியில அவரை வைச்சுக்கொண்டு… என்னால தாங்கேலாது அண்ணை.”

எதிர்வாதம் புரிந்தே பிழைத்தவன் நான்.

“சரி தங்கச்சி” என்றேன்.

மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டாள். நெடுநேரம் மூடவில்லை.

பங்குனி 9, வியாழன்
இரா.வின் இறுதிச்சடங்கு. மண்டபம் இரண்டு மணிநேரம் மட்டும். நான்காம் வரிசையில் அமர்ந்தேன். தவமணியின் தம்பி, விட்பியிலிருந்து வந்தவர், தாளைப் பார்த்து வாசித்தார். பிறந்தது. படித்தது. மணந்தது. கனடா வந்தது. பசைவாளி இல்லை. மழைக் கூட்டம் இல்லை. ஓர் இடத்தில் பக்கம் மாறி, மணந்ததை மறுபடி வாசித்தார். எவரும் சிரிக்கவில்லை.

என் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தேன்.

பங்குனி 11, சனி
தூறல். பனி கரைந்து எங்கும் சேறு. பத்தாவது ஒளிப்பதிவு, இறுதி. போனேன்.

குகன் பேசுபொருள் கேட்டார். நட்பு என்றேன். “திறம் அண்ணை.”

ஒலிவாங்கியின் முன் நின்று இரா.வுக்கு எழுதியதைப் பேசினேன். பெயரை மட்டும் விட்டு, “என் தோழன்” என்று. முதல் வரியிலேயே சிரிப்பு. பசைவாளிக்குச் சிரிப்பு. செருப்புக்குக் கைதட்டல். கொட்டும் மழையில் தன் சட்டையைக் கழற்றி ஒலிபெருக்கியைப் போர்த்துவிட்டு, தான் நனைந்து நின்றான் என்ற இடத்தில் மண்டபமே அதிர்ந்தது. நிறுத்தவில்லை. மூன்று பக்கமும் பேசி முடித்தேன். “போய் வா” என்ற கடைச்சொல்வரை.

உடைமாற்றும் அறையில் செல்லத்துரை இல்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டாராம். என் தோழன் இரா. இறந்ததை அவர் நேற்றுத்தான் அறிந்தாராம். குகன்தான் சொன்னார்: நான் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் அவர் விளக்குமாற்றைக் கீழே வைத்தாராம். முக்காட்டை இறக்கினாராம். பிறகு ஒன்றுமே செய்யவில்லை. தலை குனிந்து, கைகட்டி, கடைசிவரை நின்றாராம்.

“அதுக்குத்தான் அண்ணை சனம் அப்பிடிச் சிரிச்சது. பத்துக் கிழமையிலயும் உதுதான் திறம்.”

நன்றி என்றேன்.