அம்மாவிடம் மிஞ்சிய இரண்டு சொற்கள்

உன் வாயை அடைத்தது உன் செபம்தான், அம்மா. பக்கவாதம் பாதி வேலைதான் செய்தது.

இன்று காலை பாலக்கோடு மண்டியில் என் வண்டிக்குத் தக்காளி ஏற்றும்போது ஒரு கிரேட் கவிழ்ந்தது. நசுங்கிய பழத்தின் புளிப்பு வாடை மூக்கில் ஏறியதும் என் உதடு தானாக அசைந்தது: "இயேசுவே, இரக்கமாயிரும்." நான் கோயிலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. லோடு ஏற்றுபவர் சிரித்தார். "என்னா டிரைவரே, கவுந்தது ஒரு கிரேட்டு. அதுக்கே சாமியக் கூப்புடுறீங்க?" அது உன் செபம், அம்மா.

இதே மண்டியில்தான் நீ தரையில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்தாய். பழம் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம். எடுக்கிற ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு செபம். இழுக்கும் மூச்சில் இயேசுவே, விடும் மூச்சில் இரக்கமாயிரும். தவக்காலத் தியானத்தில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்ததை நீ மண்டிக்குக் கொண்டுவந்தாய். மண்டிக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. பேசிக்கொண்டே வேலை செய்கிற பெண்களைத் திட்டுவார். கூலி கூட்டிக் கேட்டவளை மறுநாள் வரவேண்டாம் என்பார். உன்னைக் காட்டி, "அந்தம்மாவப் பாருங்க, வாயத் தொறந்தா சாமி பேருதான்" என்பார். அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்தில் உட்காரும் சின்னப்பாப்பா உன்னைச் சீண்டாத நாளில்லை. "ஏக்கா, உங்க சாமிக்குக் காது மந்தமா? எத்தினி வாட்டிதான் கூப்புடுவ?"

"அவருக்குக் கேக்குதுடி. எனக்குத்தான் இன்னும் கேக்கல."

ஒரு தடவை சொன்னால் போதாதா என்று நானும் கேட்டேன். "நீ ஒரு வாட்டி மூச்சு வுட்டுட்டு, போதும்னு நிறுத்திக்கிறியா?" என்றாய். "சொல்லிக்கிட்டே இருந்தா ஒரு நாளு அதுவா ஓடும்டா. நான் தூங்கினாலும் ஓடும்."

ஓடியது. மண்டியில் நீ சாய்ந்து விழுந்து, தருமபுரி ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது வலது கை போயிருந்தது. பேச்சும் போயிருந்தது. அந்த இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "சொல்லிச் சொல்லிப் பழகினது மட்டும் தப்பிச்சிருக்குங்க. அவங்க எத கேக்க நெனச்சாலும் இதுதான் வாயில வரும். நீங்கதான் கவனிச்சுப் புரிஞ்சுக்கணும்."

கவனித்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் அது இழுத்து இழுத்து வந்தது. கோழி வீட்டுக்குள் வந்தால் அதட்டலாக வந்தது, கோழியும் ஓடியது. நான் குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "இயேசுவே, இரக்கமாயிரும்!" நான் சிரித்துவிடுவேன். கோணிய வாயால் நீயும் சிரிப்பாய்.

பிறகு ஊர் வர ஆரம்பித்தது. உபதேசியார் கட்டிலருகே நின்று, "இடைவிடாத செபம்னா இதாங்க. பெரிய பெரிய துறவிங்களுக்கே கெடைக்காதது" என்றார். மண்டிக்காரர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உன்னைக் கும்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் நம் தெருவுக்குள் கால் வைத்தது அன்றுதான். கூலிக்காரியாக இருந்தவரை உன் பேரே தெரியாதவர்கள், உன்னைப் புனிதையாக்க வரிசையில் நின்றார்கள். "அம்மா எதாவது கேக்குதான்னு பாருங்க" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்தக் கடைசி நாள் மதியம் நான் சேலத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். தங்கச்சி வீடியோவில் கூப்பிட்டாள். "அண்ணா, அம்மா எப்படி செபிக்குது பாருண்ணா." வீடு நிறைய ஆட்கள். நடுவில் நீ வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னோடு சேர்ந்து எல்லோரும் சொன்னார்கள். உன் இடது கை கட்டில் சட்டத்தை அடித்தது. தாளம் என்று நினைத்து அவர்களும் கைதட்டினார்கள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. தண்ணீருக்கான குரல் இல்லை, கோழிக்கானது இல்லை. உன் கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது.

"நிறுத்தச் சொல்லு! அம்மா எதையோ கேக்குது!" என்று கத்தினேன்.

"ஒன்னும் கேக்கலண்ணா, ஒரே சத்தம்" என்றாள்.

நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். செபித்துக்கொண்டே போன பாக்கியசாலி என்று இன்றும் சொல்கிறார்கள். நான் சண்டைக்குப் போகிறேன்.

ஆனால் இன்று தொப்பூர் இறக்கத்தில், பின்னால் முழு லோடு தள்ள, முன்னால் ஒரு டேங்கர் திணற, பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செபம் மறுபடி தொடங்கியது. நான் தொடங்கவில்லை. பல்லைக் கடித்தேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன். மூச்சோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. வண்டியை ஓரங்கட்டிய பிறகும் நிற்கவில்லை. நாளைக்கு நானும் விழுந்தால் எனக்கும் இந்த இரண்டு சொற்கள்தான் மிஞ்சுமா? என்னைச் சுற்றியும் கைதட்டுவார்களா?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீ எதையும் கேட்கவில்லை, உண்மையாகவே செபித்துக்கொண்டுதான் இருந்தாய் என்றால், இத்தனை நாள் நான் யாரோடு சண்டை போடுகிறேன்?

தண்ணீர் கேட்டாயா? வலித்ததா? அவர்களை வெளியே போகச் சொன்னாயா? என்னைக் கூப்பிட்டாயா? உன் இரண்டு சொற்களை என் வாயில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதுதான் இப்போதும் ஓடுகிறது. எனக்கு அது வேண்டாம்.

அன்றைக்கு என்ன கேட்டாய் என்று சொல்லு, அம்மா. வேறு வார்த்தையில் சொல்லு.