மருத்துவச்சிப் படிப்பு

1933 ஜனவரி 9, திங்கள். ஜொகூர் பாரு

நல்ல வெயில். ஏப்ரன் இரண்டுக்கும் கஞ்சி போட்டது. ஒன்றில் மஞ்சள் கறை போகவில்லை. மடிப்புக்குள் தள்ளி மறைத்திருக்கிறேன்.

காலையில் நகப் பரிசோதனை. பிரசவ வார்டுக்குத் தலைமை ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. எங்கள் விரல்களைச் சந்தையில் வெண்டைக்காய் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒடித்துப் பார்க்காத குறை.

பையில் இருக்க வேண்டியவை, மனப்பாடம்: கத்தரி, நூல், பஞ்சு, பிரஷ், சோப்பு, கை கழுவும் லைசால் மருந்துப் புட்டி, குழந்தையின் கண்ணுக்கு விடும் மருந்து. கண் மருந்தை ஒவ்வொரு தடவையும் மறக்கிறேன்.

கூடப் படிப்பவர்கள் மலாய்ப் பெண்களும் இரண்டு சீனத்திகளும். தமிழச்சி நான் ஒருத்திதான். தமிழில் பேசிப் பல நாளாயிற்று. நேற்று குழாயடியில் ஓட்டை வாளியைத் திட்டினேன். அதையும் பேச்சு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

மாதம் முடிவதற்குள் பரீட்சை. தேறினால் சர்க்கார் வேலை, குடியிருக்க வீடு. வீடு கிடைத்தால் என் மகள் பாக்கியத்தைக் கூட்டி வந்துவிடலாம். லாபிஸில் அக்காவிடம் விட்டபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது நான்கு நடக்கிறது. அவள் அப்பா காய்ச்சலில் போன கொஞ்ச நாளில் தோட்டத்தில் ஆள் குறைப்பு. எனக்கு ரப்பர் பால்வெட்டும் போயிற்று, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போயிற்று. லயத்தில் நாலைந்து பிரசவம் பார்த்த கை என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர்தான் சிபாரிசு செய்தார். "ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியுது, போய் முறையாக் கத்துக்க. ஊருக்கு ஊரு புள்ள பொறந்துக்கிட்டுத்தான் இருக்கும், இந்த வேலை போவாது." நல்ல மனிதர்.

ஜனவரி 11, புதன்

மானம் போயிற்று.

மதியம், கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண். தலைப்பிரசவம். துரைசானி பக்கத்தில் நிற்க, முதல் தடவையாக எல்லாம் என் பொறுப்பு. சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலை தெரிகிற நேரம் பார்த்து என் வாயிலிருந்து மலாய் ஓடிவிட்டது. "முக்கு! முக்கு!" என்று கத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து விழித்தாள். பிறகு சரோங் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா முக்கு!" என்றேன். இன்னும் அழுத்தித் துடைத்தாள். அவள் தாயார் வேறு ஈரத்துணி கொண்டு வந்து கொடுத்தாள்.

மலாயில் 'முகா' என்றால் முகம்.

திரைக்குப் பின்னாலிருந்து, கூடப் படிக்கும் ஹலீமாதான், "தெரான், காக், தெரான்!" என்று அக்கா முறை வைத்துக் குரல் கொடுத்தாள். அப்புறம்தான் அந்தப் பெண் மூச்சைப் பிடித்து முக்கினாள். ஆண் குழந்தை. தாய் முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. துரைசானி சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே மலாயில் சொன்னாள்: கம்பத்தில் நீ தனியாக நிற்பாய், அங்கே ஹலீமா இருக்க மாட்டாள். பரீட்சையில் இப்படிச் செய்தால் உன்னை எங்கேயும் அனுப்ப முடியாது.

தெரான் = முக்கு. ஜாங்ஙான் தெரான் = முக்காதே. குளியலறையில் உரக்கச் சொல்லிப் பழகினேன். வெளியே காத்திருந்த சீனத்தி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

ஜனவரி 13, வெள்ளி

ஒரு தமிழ்ப் பெண் வந்து சேர்ந்தாள். டவுனில் கடை வைத்திருப்பவர் மனைவி. எனக்கு ஒரே சந்தோஷம். தலைமாட்டில் நின்று ஓயாமல் பேசினேன். அவளுக்கு வலி, எனக்குப் பேச்சு. பாவம்.

மாமியார் கூட இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, கழுத்துல ஒண்ணும் காணோமே?"

"அவரு தவறிட்டாருங்க."

"அப்ப நீ புள்ளயத் தொட வேணாம். அந்த மலாய்க்காரப் பொண்ணக் கூப்புடு."

ஹலீமா வந்து பிள்ளையை எடுத்தாள். நான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன், துணி மடித்தேன். பிள்ளை பெற்றவளைக் கட்டில் மாற்றும்போது அவள் கண்ணால் என்னிடம் ஏதோ சொன்னாள். மாமியார் இருக்கையில் வாயால் சொல்ல முடியுமா.

ஆசையாகத் தமிழ் பேசப் போனதற்கு இது கூலி. கை லைசாலில் வெந்து தோலுரிகிறது. இன்னும் என்ன கழுவ வேண்டுமாம்?

ஹ. என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்குத் தலைவலி என்றேன். இதற்கெல்லாம் மலாய் தெரியாது எனக்கு. சாயங்காலம் நோன்பு திறந்ததும் எனக்கு ஒரு பலகாரம் எடுத்து வைத்திருந்தாள். தேங்காயும் வெல்லமும். சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

ஜனவரி 15, ஞாயிறு. லாபிஸ்

பொங்கலுக்குக் கேட்ட லீவு, பொங்கல் கழித்துக் கிடைத்தது. காலை ரயில். பாக்கியத்துக்கு ரிப்பன், அக்கா பையன்களுக்கு மிட்டாய்.

மாமா, அக்கா வீட்டுக்காரர், ரயில் பாதையில் வேலை செய்வதால் வீடு ஸ்டேஷனை ஒட்டியே. இறங்கியதும் பையன்கள் இரண்டு பேரும் "சின்னம்மா வந்துட்டாங்க! சின்னம்மா வந்துட்டாங்க!" என்று ஓடி வந்தார்கள். பின்னாலேயே பா. வளர்ந்திருக்கிறாள். அவளும் கை தட்டிக்கொண்டு, "சின்னம்மா வந்துட்டாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா, "அடியே, அது ஒங்கம்மாடி" என்றாள்.

பா. அக்கா சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே அம்மா?"

அக்கா குனிந்து அடுப்பை ஊதப் போனாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

குழந்தை மேல் தப்பில்லை. பையன்கள் அக்காவை அம்மா என்கிறார்கள், அவளும் அம்மா என்கிறாள். பையன்களுக்கு நான் சின்னம்மா, அவளுக்கும் சின்னம்மா. முறையெல்லாம் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள், ஆள்தான் மாறிவிட்டது.

எனக்கு "வாங்க, உக்காருங்க." அக்காவுக்கு "நீ, வா, போ." மரியாதை கொடுக்கிறாள் எனக்கு.

அக்கா மேல் கோபம் வருகிறது. என்ன நியாயம் இதில்? என் பிள்ளைக்குச் சோறு போடுகிறவள். இருந்தும் கோபம் வருகிறது.

ஜனவரி 16, திங்கள்

ரயிலில் எழுதுவது. எழுத்து குலுங்குகிறது.

புறப்படும் முன் அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அவ இங்கயே இருக்கட்டுமேடி. எனக்கும் பொட்டப்புள்ள இல்ல. ஒன் வேலை நேரங்காலம் இல்லாத வேலை. எவளாச்சும் வலின்னு ஆள் அனுப்பினா நீ போவே. இவளை யார் பாக்குறது?"

"மொதல்ல பாஸ் பண்றேங்க்கா. அப்புறம் பேசலாம்."

"பாஸ் பண்ணுவே. ஒனக்கென்ன."

பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு. இந்த வேலையோ என்னைப் பிள்ளையிடமிருந்து இழுத்துக்கொண்டு ஓடும் வேலை. ஆறு மாதமாக இதை யோசிக்கவே இல்லையா நான்? யோசித்தேன். யோசிக்காத மாதிரி இருந்தேன்.

குளுவாங்கில் ஒருத்தன் வேகவைத்த கடலை விற்றான். வாங்கவில்லை.

ஜனவரி 21, சனி

ஏப்ரன் துவைத்தது. பாடம் மூன்று தடவை. கண் மருந்து ஞாபகம் இருந்தது!

ஹ. என்னைச் சோதிக்கிறாள். கட்டிலில் படுத்துக்கொண்டு வலி வந்தவள் மாதிரி முனகுவாள், நான் மலாயில் ஆறுதல் சொல்ல வேண்டும். பசியில் நிஜமாகவே முனகுகிறாள், நோன்புக் கடைசி. "நீ பேசுவது மேஸ்திரி அதட்டுவது மாதிரி இருக்கிறது, கொஞ்சம் மெல்ல" என்கிறாள். தோட்டத்து மலாய் அப்படித்தான், அதட்டத்தான் கற்றுக்கொடுக்கும்.

ரிப்பனைக் கொடுக்க மறந்துவிட்டேன். பைக்குள்ளேயே கிடக்கிறது.

ஜனவரி 24, செவ்வாய்

பரீட்சை முடிந்தது.

டாக்டர், துரைசானி, மூத்த மலாய் மருத்துவச்சி ஒருத்தி. மேஜை மேல் தோலால் செய்த இடுப்பு, துணிப் பொம்மை. பிள்ளை குறுக்கே கிடந்தால் என்ன செய்வாய்? ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். வழி இல்லை, மழை, ஆறு நிரம்பிவிட்டது, என்ன செய்வாய்? படகு தேடச் சொல்வேன், படகு வரும் வரை அவள் கையை விட மாட்டேன் என்றேன். மூத்த மருத்துவச்சி துரைசானியைப் பார்த்தாள். அது நல்ல பார்வையா கெட்ட பார்வையா, தெரியவில்லை.

'தெரான்' சரியாகச் சொன்னேன். துரைசானி வாயோரம் லேசாக அசைந்தது. அன்றைக்கே சிரித்திருக்கலாம் அவள்.

ஜனவரி 28, சனி

மலாய்க்காரர்களுக்கு நோன்புப் பெருநாள். சீனர்களுக்கும் இதே வாரம் புத்தாண்டு. எல்லாப் பெண்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஹ. மூவாருக்கு. பண்டிகை இல்லாதவள் நான்தான் என்று வார்டு முழுக்க என் தலையில்.

விடுதியில் காலிக் கட்டில்கள். பட்டாசுச் சத்தம். யாரோ வீட்டில் ரெண்டாங் கறி வேகும் வாசனை. சமையற்காரனும் லீவு, ரொட்டியும் சீனியும் தின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக, "சாப்பிட்டியா அஞ்சலை?" என்று கேட்டுப் பார்த்தேன். என் பேரை என் காது கேட்டு நாளாயிற்று. இங்கே எல்லாருக்கும் நான் 'நூருஸ்'தான், நர்ஸ் என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அவர் இருந்தால் இந்நேரம் வம்புக்கு இழுத்திருப்பார். பெரிய டாக்டரம்மா ரொட்டி தின்கிறாள் என்பார்.

பிள்ளை இங்கே இருந்திருந்தால் என்று நினைத்தேன். இருந்திருந்தாலும், வார்டில் நான், கட்டிலில் அவள் தனியாக. அங்கே இரண்டு பையன்கள், மாமா, அக்கா. யாருக்காக அவளைக் கேட்கிறேன்? அவளுக்காகவா, இந்தக் காலிக் கட்டிலுக்காகவா?

ஜனவரி 31, செவ்வாய்

பாஸ்!

வேலை மெர்சிங்கில். லாபிஸ் பக்கம் கேட்டேன், இடமில்லையாம். கிழக்குக் கரை, கடல், மீனவர்கள். மருந்தகத்துக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு ஒன்று எனக்கே எனக்கு. பக்கத்தில் பியூன் குடும்பம், மலாய்க்காரர்கள், நிறையப் பிள்ளைகளாம்.

ஹ. கட்டிக்கொண்டு குதித்தாள். அவளுக்கு வேலை பத்து பஹாட் ஊரில். இனி எப்போது பார்ப்பது.

கூட்டி வரத்தான் போகிறேன். யார் என்ன சொன்னாலும் சரி. தப்பாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 5, ஞாயிறு. குளுவாங்

மெர்சிங் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். பா. என் மடியில் தூங்குகிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருக்கிறது.

அக்காவிடம் சொன்னதும் சண்டை வரும் என்று இருந்தேன். வரவில்லை. "ஒம் புள்ள" என்று மட்டும் சொன்னாள். துணியெல்லாம் முன்பே துவைத்து மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

ரயில் வருகிற நேரம் குழந்தை அவள் கழுத்தை விடவில்லை. இழுக்க இழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நானும் இங்கயே இருக்கேன், நானும் இங்கயே." மாமா பார்க்க மாட்டாமல் அந்தப் பக்கம் போய்விட்டார். அக்கா சட்டென்று அவள் கையைத் தட்டிப் பிரித்தாள். "நான் ஒங்கம்மா இல்லடி! போ! அவதான் ஒங்கம்மா, போ!" என்று கத்திவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதை எனக்காகச் சொன்னாள். அவள் தவிர யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

வண்டி கிளம்பும்வரை கதவு திறக்கவில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய். மெர்சிங்

மழை. வந்த நிமிஷத்திலிருந்து மழை. கடல் சத்தமும் மழைச் சத்தமும் எது எதுவென்று தெரியவில்லை. படகுகள் எல்லாம் கரையில்.

வாங்க வேண்டியது: அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், சட்டி ஒன்று, பா.வுக்குக் குடை.

காலையில் முதல் அழைப்பு. வாசலில் "பீடான்! பீடான்!" என்று மருத்துவச்சியைத் தேடி ஒரு மீனவர். பியூன் மனைவியிடம் பா. போக மாட்டேன் என்றாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. பெண் குழந்தை. தெரான் என்றேன், முக்கினாள். யாரும் முகம் துடைக்கவில்லை. கழுத்தில் என்ன இருக்கிறது, இல்லை என்று யாரும் பார்க்கவும் இல்லை. வாழைப்பழமும் மீனும் கொடுத்தார்கள்.

என் கையால் சம்பாதித்த மீன். குழம்பு வைத்தேன். பா. முள் எடுத்துத் தரச் சொல்லித் தின்றாள், இரண்டாம் தடவை சோறு கேட்டாள். நான்தான் அம்மா என்று இன்றைக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று நினைத்தேன். இன்னொரு துண்டு மீனுக்கு முள் எடுத்தேன்.

கை கழுவிவிட்டு வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, நாம எப்ப அம்மாகிட்டப் போறோம்?"

"மழை விட்டதும் போலாம்" என்றேன்.

இந்தக் கரையில் பங்குனி வரைக்கும் மழை விடாது என்கிறார்கள். விடாமல் பெய்யட்டும்.