வெள்ளைக் கேன்

போன ஞாயிற்றுக்கிழமை, மாவடு ஊறப்போட்ட பாத்திரத்தைக் கழுவாமல் மாடிப்படியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். அதில் கால் பாத்திரம் உப்புத் தண்ணீர் இருந்தது. இரண்டு நாள் வெயிலில் தண்ணீர் போய்விட்டது, உப்பு போகவில்லை. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், அடியில் கல் கல்லாக உப்பு. வேலைக்காரம்மா தேய்க்க எடுத்தபோது வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்து அழித்தவள் நான். அது உன் கண்ணாடித் தொட்டியில் இருந்தது. உனக்கு நான் அதைச் சொல்லவேயில்லை.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாததை ஆள் இல்லாதபோது எழுதுவது எவ்வளவு சௌகரியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

விஜயநகரில் எங்கள் வீட்டு மாடிக்கு நீ குடிவந்த நாளிலேயே என் தமிழைப் பிடித்துக்கொண்டாய். "ஸ்வல்ப காபி குடிக்கிறியா" என்று கேட்டேன். பாதி கன்னடம், மீதி இங்கிலீஷ், இதில் தமிழ் எங்கேடி இருக்கிறது என்று கேட்டாய். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். நீ பிச்சாவரம் பக்கத்துக் கடலோரக்காரி, இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்க வந்தவள். ஒரே வயது. ஒரு மாதத்துக்குள் உன் வீட்டுச் சாவி என் சமையலறை ஆணியில் தொங்கியது. நான் அனுப்பும் குழம்பையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, உன் கைக்கு உப்பு கொஞ்சம் தாராளம் என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் திருப்பித் தருவாய்.

அந்த மார்கழியில் ஊருக்குப் போய்த் திரும்பி ஆட்டோவிலிருந்து இறங்கினாயே, தோளில் ஒரு துணிப்பை. பச்சையாக நீள நீளமாக அதிலிருந்து எட்டிப் பார்த்ததை முருங்கைக்காய் என்றே நினைத்தேன். இன்றைக்குச் சாம்பாருக்கு ஆயிற்று என்று கை நீட்டினேன். நீ பையை மார்போடு அணைத்துக்கொண்டாய்.

"கையை எடுடி. இது காய் இல்ல, மரம்" என்றாய்.

சுரபுன்னை, உங்கள் ஊர் உப்பங்கழிச் சேற்றில் நிற்கிற மரம். அதன் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளை விட்டு, முழ நீளத்துக்கு வளர்ந்து, அப்புறம்தான் சேற்றில் இறங்கும் என்று படியேறிக்கொண்டே சொன்னாய். ஏழு முளைகள் கொண்டுவந்திருந்தாய். கூடவே ஒரு டப்பாவில் ஊர்ச் சேறு. டப்பாவைத் திறந்ததும் வந்த வாடையில், சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்து என் வீட்டுக்காரர் கம்பியோடு மாடிக்கு வந்துவிட்டார். நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிழக்கு ஜன்னலை ஒட்டித் தொட்டியை வைத்தாய். தெர்மாகோல் துண்டில் ஓட்டை போட்டு, முளைகளை அதில் செருகி, நுனி மட்டும் தண்ணீரில் படுகிற மாதிரி நிறுத்தினாய். கல்லுப்பைக் கரைத்து, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி மானியை மிதக்கவிட்டு உப்பின் அளவு பார்த்தாய். இத்தனை தண்ணீருக்கு இத்தனை டம்ளர் உப்பு என்று எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாய். ஏழில் இரண்டு அழுகிப்போயின. ஐந்து வேர் விட்டன. தை, மாசி முழுக்கக் குச்சியாகவே நின்றவை பங்குனியில் தலைப்பக்கம் பிளந்து ஆளுக்கு ஒரு ஜோடி இலை காட்டின. அன்றைக்கு எனக்குக் கேசரி செய்து கொடுத்தாய். அதில் சர்க்கரை போதவில்லை, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

வெறும் ஆசைக்காக நீ அதை வளர்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் அது பிழைக்காது என்று உங்கள் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சிரித்திருந்தார். தசராவில் பாருங்கள் என்று நீயும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாய். மறு வருடத் தசரா மலர்க்கண்காட்சியில் கல்லூரிக்கு ஒதுக்கும் மேசையில் உன் தொட்டியை வைப்பதாகப் பேச்சு. ஞாயிறுதோறும் இலைகளை எண்ணி நோட்டில் எழுதுவாய். ஒரு வருடம் தாண்டியபோது ஐந்து செடிகளிலுமாக இருபத்திரண்டு இலைகள் இருந்தன.

அந்த ஏப்ரலில் உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. அவசரமாகக் கிளம்பிய நீ, வாசலில் ஆட்டோ காத்திருக்க, என்னைத் தொட்டி முன்னால் நிறுத்தி இரண்டு கேன்களைக் காட்டினாய். நீலக் கேனில் நல்ல தண்ணீர். வெள்ளைக் கேனில், தொட்டியை முழுக்க மாற்றும்போது ஊற்றுவதற்கென்று நீ அளந்து கரைத்த உப்புத் தண்ணீர்.

"தினமும் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நீலக் கேன்லேர்ந்து ஊத்து. வெள்ளையைத் தொடாதே. தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு உள்ளேயே இருக்கும். புரியுதா?"

புரிகிறது என்றேன். புரிந்தும் இருந்தது. முதல் வாரம் சொன்னபடியே செய்தேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அடியிலிருந்த ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது. அதோடு என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கடல் செடிக்கு இப்படித் தினமும் நல்ல தண்ணீராக ஊற்றினால் உப்பு நீர்த்துப்போகாதா, பாவம், அதுதான் வாடுகிறது என்று நினைத்தேன். வெள்ளைக் கேனைத் தூக்கினேன். அது தீர்ந்ததும் கீழே வந்து நானே கல்லுப்பைக் கரைத்தேன். டம்ளரால் அளக்கவில்லை, கையால் அள்ளிப் போட்டேன். இருபது வருடமாகச் சமைக்கிறேன். குழம்பு வற்றினால் உப்பு ஏறும், வெந்நீர் விட்டு இளக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அறிவு என் வீட்டு மாடிப்படி ஏறவில்லை. நீ படித்தவள், இருந்தாலும் கைப்பக்குவம் எனக்குத்தான் என்று உள்ளுக்குள் ஒரு கொழுப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

நாலாவது வாரம் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. தினம் இரண்டு மூன்றாக உதிர்ந்தன. தொட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ சொன்னது எனக்கு உறைத்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். வாயைக் கொப்பளிக்க வேண்டியிருந்தது. ஐந்து செடிகளும் மொட்டைக் குச்சியாக நின்றன.

திங்கட்கிழமை வருகிறேன் என்று உன் கடிதம் வந்தது. இது வரைக்கும் நடந்தது முட்டாள்தனம், யாருக்கும் நடக்கும். சனிக்கிழமை நான் செய்தது வேறு. வீட்டுக்காரரை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, மாடிக்குப் போய், அந்தத் தண்ணீரை மக்கால் மொண்டு மொண்டு கொட்டினேன். பக்கவாட்டில் நீ ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்து, அன்றைக்கு டம்ளரால் சரியாக அளந்து உப்பைக் கரைத்து நிரப்பினேன். கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளையைக் குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். கேன்கள் இரண்டையும் நீ வைத்த இடத்தில் நீ வைத்த அளவுக்கு நிரப்பி வைத்தேன். அவ்வளவு கவனமாக ஒரு வேலையை அதற்கு முன்னால் நான் செய்ததில்லை.

அப்பாவுக்குக் காரியம் முடித்துவிட்டு நீ வந்தாய். முகம் கறுத்து, கண் உள்ளே போய்விட்டிருந்தது. பெட்டியைக் கூட வைக்காமல் தொட்டி முன்னால் நின்றாய். ரொம்ப நேரம் கழித்து மானியை எடுத்து மிதக்கவிட்டாய். அளவு சரியாக இருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாய்.

"நீ ஏதாவது மாத்தினியா?"

"இல்லப்பா. நீ சொன்ன மாதிரியே நீலக் கேன்தான்."

நீ தலையை ஆட்டினாய். "அப்ப ஊர்தான் ஒத்துக்கலை" என்றாய். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாய். அப்பாவுக்காகவா, செடிகளுக்காகவா என்று எனக்குத் தெரியாது. நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

துக்கத்தில் இருக்கிறாள், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் ஓட்டினேன். உன் அப்பாவின் சாவு எனக்கு ஒரு சாக்காகிவிட்டது. அதன் பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று ஒரு மாதம். தசராவில் அந்த மேசையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். நீ அந்தப் பேராசிரியரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி சார், நான் நினைத்தது தப்பு என்று சொல்லிவிட்டு வந்ததாக எனக்கே சொன்னாய். அவர் பெருந்தன்மையாகக் காபி வாங்கிக் கொடுத்தாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நீ ஊரிலிருந்து ஒரு முளை கூடக் கொண்டுவரவில்லை.

கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உப்பே சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முருங்கைக்காய் சாம்பார் கொண்டு வா, உப்பில்லாமல் செய்ய உனக்குக் கை வருகிறதா பார்க்கிறேன் என்றாய். செய்துகொண்டு வந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வாக்கியத்தைக் கூடத் தயார் செய்திருந்தேன். நீ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்குடி என்று கண்ணை மூடிக்கொண்டாய். அசந்து தூங்கிவிட்டாய். நான் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எழுப்பியிருக்கலாம். அடுத்த நாளும் வந்தேன், அன்றைக்கு நீ விழித்துத்தான் இருந்தாய்.

உன் கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் மாணவி ஒருத்தி, இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறவள், கன்னடத்தில் பேசினாள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மேடம் ஒரு நோட்டைக் காட்டுவார். தோற்றதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதற்கு அவரே உதாரணம். மைசூரில் சுரபுன்னை வளராது என்று தன் தோல்வியைத் தானே எழுதி வைத்தார். அந்த நோட்டை வைத்துத்தான் இப்போது நானும் பாடம் நடத்துகிறேன் என்றாள். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

இந்தப் பாத்திரத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்றுக் கல்லூரிக்குப் போனேன். அந்தப் பெண் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். ஞாயிறுகளும் இலைக் கணக்கும் உன் சாய்ந்த எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'காரணம்' என்று தலைப்பு. அதன் கீழே 'தெரியவில்லை, இந்த ஊர் ஏற்கவில்லை போலும்' என்று ஒரு வரி. மிச்சமெல்லாம் வெறும் தாள்.

ஒரு பேனா கேட்டு வாங்கி, அந்த வரிக்குக் கீழே நான் செய்ததைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை என்றுதான் போயிருந்தேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஏனு பரெதிரி, ஆன்ட்டி, என்று கேட்டாள். என்ன எழுதினேன் என்பதை அவள் முகத்தைப் பார்த்து, கன்னடத்தில், வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் திட்டவில்லை. மேடத்துக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, மேடம் ஊரிலிருந்து எந்த மாதம் அந்த முளைகளைக் கொண்டு வந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதைக் கேட்க வேண்டிய இடமும் இப்போது இல்லை. வற்றிய குழம்புக்கு வெந்நீர் விடும்போதெல்லாம் உன் தொட்டி முன்னால்தான் நிற்கிறேன். அது என்னோடு இருக்கட்டும். மைசூரில் சுரபுன்னை வளரும். வளர்ந்தது, இருபத்திரண்டு இலை விட்டது. நீ சொன்னதுதான் சரி. என்றைக்காவது காரணம் தெரிந்தால் எழுதலாம் என்று அந்தப் பக்கத்தில் முக்கால் தாளைக் காலியாக விட்டு வைத்திருந்தாய். எனக்கு இரண்டு வரிதான் தேவைப்பட்டது.