பொட்டு வைத்த சுவிஸ் துவக்கு

நவம்பர் 6, வியாழன்

ஈரப்பனி. மோர்னிங்சைட் வீதி முழுக்கச் சேறு. முழங்கால் வலி.

பேஸ்மென்ற்றில் துவக்குகளுக்கு எண்ணெய் போட்டேன். நான்கு கைத்துவக்குகள், எல்லாம் சுவிஸ் இராணுவம் கழித்துவிட்டவை. மூன்று கண்ணாடி மாதிரி. நாலாவதில் அந்தப் பொட்டு.

மனைவி சறோ இருந்தபோது ஒரு சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு இவற்றையும், பூட்டுப் போட்டபடி, மேசையில் வைத்தேன். மனுஷி ஒன்றுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்துவிட்டாள். விஜயதசமி வரை பூசையில் வைத்ததைத் தொடக்கூடாதாம். தொடவில்லை. ஈரச் சந்தனம் இரும்பைத் தின்றுவிட்டது. "இப்பதான் வடிவாக் கிடக்கு, என்னப்பா" என்று சிரித்தாள். அவள் போய் மூன்று வருடம்.

மாலை மகள் துளசி போன். "ஐ ஆம் சீரியஸ், அப்பா. பிள்ளை தவழத் தொடங்கிட்டாள். உதுகள் வீட்டில இருக்குமட்டும் நாங்கள் வரமாட்டம்."

பேத்தியை மடியில் வைத்தது ஒரே தரம். ஆஸ்பத்திரியில்.

நவம்பர் 8, சனி

நித்திரை இல்லை.

ஏன் சுவிஸ் துவக்கு என்று கேட்காத ஆள் இல்லை. கனடா வருமுன் அங்கே அகதியாக இருந்தேன். ரயிலில் எதிரே ஒரு சிப்பாய், இடுப்பில் இது. ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். பெட்டியில் ஒருவருக்கும் பயமில்லை. நான் மட்டும் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த பைத்தியம்.

இப்போது கனடாவில் தனியாட்கள் கைத்துவக்கு வாங்கவும் விற்கவும் தடை. ஒரு சின்ன அருங்காட்சியகம் எடுக்குமாம். கேட்டு எழுதிவிட்டேன்.

வாங்க: பால், பாண், துடைக்கும் எண்ணெய். எண்ணெய் வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

நல்ல பனி. அருங்காட்சியக ஆள் வந்தார். வெள்ளைக்காரர், வலு மரியாதை. மூன்றை எடுத்தார். நாலாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருப்பிடித்தது வேண்டாமாம். மனுஷி வைத்த பொட்டு என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

பொலிசுக்குப் போன் எடுத்தேன். நாளை வந்து எடுப்பார்களாம். பிறகு உருக்கிவிடுவார்களாம்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டு பொலிஸ். சப்பாத்தோடு உள்ளே. கொடுக்குமுன் கடைசியாக ஒருதரம் துடைத்தேன். பொட்டின்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். அவளுடைய விரல் சின்னது.

அழுதேன். எழுத வெட்கம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

துளசிக்கு மெசேஜ்: எல்லாம் போயிற்று. பதிலுக்கு ஒரு இதயப் படம். ஞாயிறு வருகிறார்களாம்.

நவம்பர் 16, ஞாயிறு

வந்தார்கள். புட்டு, இறைச்சிக் கறி. உப்புக் கூடிவிட்டது. பேத்தி மீசையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் இழுக்கட்டும் என்று இருந்தேன்.

சாப்பிட்டபின் பேஸ்மென்ற். துவக்குகள் இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து, வெறுமையாகக் கிடப்பதைக் காட்டினேன். துளசி உள்ளே கைவிட்டுத் தட்டைத் தடவினாள்.

"அம்மா பொட்டு வைச்சது எங்கயப்பா?"

"எல்லாத்தையும் எண்டுதானே பிள்ளை சொன்னனி."

தட்டிலிருந்து கையை எடுத்தாள். "அதை நான் துவக்கெண்டே நினைக்கேல்லையப்பா. அது அம்மான்ர எல்லோ."

பேத்தி அலுமாரிக்குள் தலையை விட்டுக் கத்தினாள். தன் சத்தம் திரும்பி வரச் சிரித்தாள். மறுபடி கத்தினாள்.