காற்று புகுந்த குழாய்

துன்முகி வருஷம், தை 6, சனிக்கிழமை.

கூடத்தில் நான், என் வீட்டுக்காரர், பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் கொழுந்தன், மூன்றே பேர்.

கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்து, மின்சாரம் பாய்ச்சி, அது விடும் ஒளியைப் பட்டைபட்டையாகப் படம் பிடிப்பது அவன் வேலை. ஊருக்கு வரும்போது அவன் கொண்டுவரும் படங்களின் அளவுகளைப் பட்டியலாக எழுதித் தருவது நான். புது மூலக்கூறு விட்டவை என்று அவன் சொல்லும் ஏழு பட்டைகளும், வெறும் காற்றை அடைத்துப் பிடித்த பழைய பட்டியலிலும் இருக்கின்றன. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. காட்டினேன்.

"பழசை அடுப்புல போடுங்க அண்ணி, யாரு பாக்கப் போறாங்க?" என்று சிரித்தான்.

"படிச்சவன் சொல்றான், நீ எழுதிக் குடு" என்றார் இவர்.

சீ! அவன் சாப்பிட்ட இலையை எடுக்கவே கை கூசியது. காலை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் சுத்தப் பிரதி வேண்டுமாம். ஈசுவரா, தினம் நமசிவாய எழுதும் இதே பேனாவால் அந்தப் பொய்யையும் எழுதவா? விடியறதுக்குள்ள பதில் சொல்லு.