செக்கச்செவேல் என்று ஒரு தாள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். இருமல் பாதி போய்விட்டது, மீதியும் போய்விடும். உங்கள் தோள்வலி எப்படி? பெரிய மூட்டைகளை அண்ணன் தூக்கட்டும்.

இன்று அறிவியல் வகுப்பில் ஒரே கூத்து அப்பா! எது அமிலம், எது காரம் என்று காட்டும் லிட்மஸ் தாள் கட்டை நான் அப்படியே தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டேன். கவலைப்படாதீர்கள், திட்டு கொஞ்சம்தான். டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் விடுதிச் சமையலறைக்கு ஓடி மஞ்சள்தூள் வாங்கி வந்தேன். குழைத்து வெள்ளைத் தாளில் தடவிச் சோப்புத் தண்ணீர் விட்டேன். செக்கச்செவேல்! எலுமிச்சைச் சாறு பட்டதும் பழையபடி மஞ்சள். வகுப்பே என் மேசையை மொய்த்துவிட்டது.

"யாரும்மா சொல்லிக்குடுத்தா?" என்றார் டீச்சர்.

"எங்கப்பா. துணி வெளுக்கிறவர். மஞ்சக் கறையில சோப்பு பட்டா இப்படித்தான் செவக்கும்பார்."

இத்தனை மாதமாக உங்கள் தொழிலை இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. இன்று தானாக வாயில் வந்துவிட்டது.

இத்துடன், ஆய்வகத்தில் நான் போடும் வெள்ளைக் கோட்டை அனுப்புகிறேன். இங்கே மெஷின் இருக்கிறது. இருந்தாலும் நீங்களே வெளுத்து அனுப்புங்கள். ஊரார் துணிக்கெல்லாம் யார் வீட்டுடையது என்று தெரியக் காலரின் உள்பக்கம் சலவைக் குறி போடுவீர்கள், நம் வீட்டுத் துணிக்குப் போட்டதே இல்லை. இதற்கு ஒன்று போடுங்கள்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்

குறியை வெளிப்பக்கமே போடுங்கள் அப்பா.